யோபு நூலும் தங்கவயலும்: எபிரேய மறைநூல்களில் மாறுபடும் இறைக்கொள்கைகள்

விவிலியத்தின் பழைய ஏற்பாடு எனக் கிறித்தவரால் வழங்கப்பெறும் எபிரேய மறைநூல் தொகுதி ஒரு நூலன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலப் பரப்பில், வெவ்வேறு சூழல்களில், வெவ்வேறு கைகளால் இயற்றப்பெற்றுப் பின்னர்த் தொகுக்கப்பெற்ற நூலகம் ஆகும். எட்டுத்தொகையை ஒரே புலவர் பாடியதாக எவரும் கொள்வதில்லை. ஆயினும் விவிலியத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் அதனை ஒரே குரலாகக் கொண்டு, 'விவிலியம் கூறும் இறைக்கொள்கை' என ஒருமையிற் பேசுகின்றனர். இவ்வொருமை மூலநூல்களில் இல்லை என்பதையும், தமிழ் மொழிபெயர்ப்புகள் அவ்வேறுபாடுகளைச் சில இடங்களிற் காட்டியும் சில இடங்களில் மறைத்தும் வந்துள்ளன என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகிறது. அதற்குரிய களமாகக் கோலார் தங்கவயல் ஈண்டுக் கொள்ளப்படுகிறது.

தங்கவயலைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பில் ஆழச்சுரங்கப் பணி தொடங்கியபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து பெருந்தொகையினராகக் குடிபெயர்ந்த தமிழ்த் தொழிலாளர், குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினர், மைசூர் நாட்டின் எல்லைக்குள் தமக்கென ஓர் ஊரை அமைத்தனர். அவ்வூரின் 'லைன்' வீடுகளிடையே கத்தோலிக்கக் கோயிலும் சீர்திருத்தச் சபைகளின் ஆலயங்களும் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திற் கிளை கண்டது. 1907இல் சென்னை இராயப்பேட்டையில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப்பின் நின்றுபோக, 1926இல் ஜி. அப்பாதுரையார் அதனைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். படைத்த கடவுள் ஒருவன் உண்டு என்போரும், அத்தகைய ஒருவன் இல்லை என்போரும் ஒரே சுரங்கக் கூண்டில் இறங்கிய ஊர் இது. இறைக்கொள்கை வேறுபாடு அங்கே நூலகத்துள் அடங்கிய ஆராய்ச்சிப் பொருளன்று.

இரண்டாவது காரணம் நூலைச் சார்ந்தது. எபிரேய மறைநூல்களில் சுரங்கத் தொழிலை விரிவாகப் பாடும் பகுதி ஒன்றே ஒன்றுதான் உள்ளது. அது யோபு நூலின் 28ஆம் அதிகாரம்.

அவ்வதிகாரம் வெள்ளிக்கும் பொன்னுக்கும் உரிய இடங்கள் உள என்பதில் தொடங்குகிறது. மனிதன் இருளுக்கு எல்லை கட்டுகிறான். கடும்பாறையிற் கைவைத்து மலையை வேரோடு புரட்டுகிறான். பாறையிற் கால்களை வெட்டுகிறான். கசியும் நீரைத் தடுக்கிறான். மேலே உணவு விளையும் நிலம், கீழே தீயாற் புரட்டப்பட்டதுபோற் கிடக்கிறது. பருந்தின் கண்ணும் காணாத வழி அது. இவ்வளவும் இயன்ற மனிதனால் ஞானம் இருக்கும் இடத்தைக் காணமுடியவில்லை. ஆழம் தன்னிடம் அஃது இல்லை என்கிறது. கடலும் அவ்வாறே கைவிரிக்கிறது. அழிவும் சாவும் அதன் செய்தியைக் காதாற் கேட்டதுண்டு என்பதோடு நின்றுவிடுகின்றன. பொன் கொடுத்தும் அதனை வாங்க இயலாது. இவ்விடத்தில் எபிரேயக் கவிஞன் பொன்னுக்கு நான்கு வெவ்வேறு சொற்களை ஆளுகின்றான். ஆடகம், கிளிச்சிறை, சாதரூபம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகைப்படுத்திய தமிழ் மரபுக்கு இது புதிதன்று. ஆயினும் நம் மொழிபெயர்ப்பாளர் 'பொன்', 'தங்கம்' என்ற இரண்டையே மாற்றி மாற்றி இட்டு அமைந்தனர். சிலப்பதிகாரம் பயின்ற கை ஒன்று அக்குழுவில் இருந்திருப்பின் இப்பகுதி வேறு ஒலி பெற்றிருக்கும்.

இதனினும் பெரிய இழப்பு நான்காம் வசனத்தில் நேர்ந்தது. மக்கள் வாழும் இடத்திற்கு அப்பால், வழிச்செல்வோர் கால்கள் மறந்துவிட்ட இடத்தில், மனிதர் கயிற்றில் தொங்கி ஊசலாடுகின்றனர் என்பது இக்கால அறிஞர் பெரும்பாலோர் கொள்ளும் பொருள். மூலத்தில் உள்ள 'நஹல்' என்னும் சொல் காட்டாற்றையும் குறிக்கும். நிலத்தில் அகழ்ந்த குழியையும் குறிக்கும் என்பர். பழைய ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் முதற்பொருளைக் கொண்டன. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவு செய்த தமிழ்ப் பதிப்பும் அவ்வழியே சென்று, வசனத்தை வற்றிப்போகும் ஆறு பற்றியதாக ஆக்கிற்று. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. அவர்கள் காலத்தில் தங்கவயலில் ஆழச்சுரங்கம் இல்லை. ஆனால் விளைவு என்னவெனின், 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு மனிதர் இறங்கிய ஓர் ஊரின் சீர்திருத்தச் சபைகளில் அப்பதிப்பே வழங்கிற்று. கயிற்றில் தொங்கிய தொழிலாளி அதன் பக்கத்தில் இடம்பெறவில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமே பிற்கால ஆய்வின் பயனைத் தமிழுக்குக் கொணர்ந்தது. அடுத்த ஆறாண்டுகளில், 2001 பிப்ரவரி 28இல், சுரங்கம் மூடப்பட்டது.

இனி, இவ்வதிகாரத்தின் முடிவைக் காண்போம். ஞானம் மனிதனுக்கு எட்டாதது. அதன் வழியைக் கடவுள் ஒருவரே அறிவார் என 27ஆம் வசனம் வரை சென்ற பாடல், இறுதி வசனத்தில் திடீரென வேறு திசையில் திரும்புகிறது. இறைவனுக்கு அஞ்சுதலும் தீமையை விட்டு விலகுதலுமே ஞானம் என மனிதனுக்குச் சொல்லப்பட்டதாக அது முடிகிறது. எட்டாத பொருள் ஒரே வசனத்தில் எட்டும் பொருளாகிவிட்டது. நீதிமொழிகள் நூலின் கொள்கை இது. யோபுவின் கொள்கையாகத் தோன்றவில்லை. மேலும், இவ்வசனத்தில் இறைவனைச் சுட்டும் 'அதோனாய்' என்னும் சொல் யோபு நூலில் வேறெங்கும் இல்லை. ஆகவே பிற்காலத்தார் ஒருவர் தம் இறைக்கொள்கையை இங்கே பொருத்தினார் எனக் கருதுவோர் உளர். பொருத்தினாரேனும் முன்னுள்ளதை அவர் அழிக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1871ஆம் ஆண்டுப் பதிப்பு நான்கெழுத்துத் திருப்பெயருக்குக் 'கர்த்தர்' என்றும் அதோனாய்க்கு 'ஆண்டவர்' என்றும் வேறுபடுத்தியதால், கூர்ந்து படிக்கும் தமிழர் இவ்வசனத்தின் தனித்தன்மையை ஊகிக்க முடியும். திருப்பெயருக்கே 'ஆண்டவர்' என்பதை வழங்கும் 1995ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வாய்ப்புக் குறைந்துவிட்டது. நடையில் தெளிவு பெற்ற பதிப்பு, இவ்விடத்தில் ஒரு தடயத்தை இழந்தது எனலாம்.

திருப்பெயர்கள் பற்றிப் பேசும்போது தொடக்கநூலின் முதலிரண்டு அதிகாரங்களை விட்டுச்செல்ல இயலாது. முதலாவதில் எலோகிம் சொல்லாற் படைக்கிறார்; ஆணும் பெண்ணும் ஒருங்கே தோன்றுகின்றனர். இரண்டாவதில் இறைவன் குயவனைப்போல மண்ணைப் பிசைகிறார். பெண் பின்னர் வருகிறாள். அண்டத்துக்கு அப்பாற்பட்ட இறைவனும், தோட்டத்தில் உலவும் இறைவனும் அடுத்தடுத்து நிற்கின்றனர். 'தேவன்', 'தேவனாகிய கர்த்தர்' எனப் பழைய பதிப்பு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. வெல்ஹௌசன் முதலியோர் 19ஆம் நூற்றாண்டில் இவ்வேறுபாட்டிலிருந்தே மூலப்படிவங்களைப் பிரிக்கும் ஆய்வை வளர்த்தனர்.

இங்கு இலக்கணச் செய்தி ஒன்று குறிக்கத்தக்கது. எபிரேயத்தில் எலோகிம் என்பது வடிவத்தாற் பன்மை. அதற்கு முடிக்கும் சொல்லாக வரும் வினை ஒருமை. தமிழ்ப் பதிப்பிலோ எழுவாய் 'தேவன்' என அன் ஈற்று ஒருமை. வினைமுற்று ஆர் ஈற்றுப் பலர்பால். மூலத்தின் முறை அப்படியே தலைகீழாகியுள்ளது. ஒருவரைப் பன்மையாற் சொல்வது இலக்கணத்தின்பாற் பட்டதன்று, உயர்வு கருதிய வழக்கு எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். எபிரேய இலக்கணிகளும் எலோகிமின் பன்மையை உயர்வுப் பன்மை என்றே விளக்குவர். ஆனால் எபிரேயச் சொல்லின் பன்மைக்குப் பின்னால் தெய்வங்களின் அவை ஒன்றும் மறைந்து நிற்கிறது. 82ஆம் திருப்பாடலில் கடவுள் அந்த அவையில் எழுந்து நின்று, ஏழைக்கும் திக்கற்றவர்க்கும் நீதி வழங்காத தெய்வங்களைச் சாவுக்குத் தீர்ப்பிடுகிறார். பலதெய்வக் கொள்கையின் எச்சம் ஓரிறைக் கொள்கையின் நூலுக்குள்ளேயே அழிக்கப்படாமல் இருக்கிறது. தமிழ் மரியாதைப் பன்மையோ ஒருவரை மட்டுமே உயர்த்தும், அவையைக் காட்டாது.

தங்கவயலுக்கு மிகவும் நெருங்கிய வேறுபாடு துன்பத்தின் காரணம் பற்றியது. உபாகமம் (இணைச்சட்டம்) தெளிவான ஒரு கணக்கை முன்வைக்கிறது: கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் வாழ்வு, மீறினால் கேடு. அதன் 28ஆம் அதிகாரம் கேடுகளை நீண்ட பட்டியலாகவே தருகிறது. நாடிழந்த ஒரு மக்கட்கூட்டம் தன் வீழ்ச்சியை விளங்கிக்கொள்ள இக்கணக்கு உதவிற்று. தெய்வம் தோற்கவில்லை, நாமே தவறினோம் எனச் சொல்ல அவர்களால் முடிந்தது. இவ்வரலாற்றுப் பயனை மறுத்தல் கூடாது. ஆனால் இனத்தின் வரலாற்றுக்குச் சொன்ன கணக்கைத் தனிமனிதன் உடம்புக்குச் சொல்லும்போது அது வன்முறையாகிவிடுகிறது. பாறையைத் துளைக்கும்போது எழும் தூசி நுரையீரலிற் படிந்து சிலிகோசிஸ் நோயால் மூச்சுத் திணறி இறந்தவனும், ஆழம் கூடக் கூட மலிந்த பாறை வெடிப்புகளிற் புதையுண்டவனும் எந்தக் கட்டளையை மீறினர்? யோபுவின் நண்பர்களான எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் உபாகமக் கணக்கையே யோபுவின் புண்ணுக்கு மருந்தாகப் பூசுகின்றனர். யோபு அதனை ஏற்க மறுக்கிறான். நூலின் முடிவில் இறைவனே, தம்மைப் பற்றி யோபு சரியாகப் பேசினான், நண்பர்கள் அவ்வாறு பேசவில்லை எனத் தீர்ப்புச் சொல்கிறார். மறைநூலின் ஒரு பகுதியிற் புகழப்பட்ட கொள்கை, அதே மறைநூலின் மற்றொரு பகுதியில் இறைவன் வாயாலேயே மறுக்கப்படுகிறது. இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

நண்பர்களின் குரல் கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. முன்வினைப் பயனே இன்றைய இழிநிலைக்குக் காரணம் எனச் சொல்லி ஒடுக்கப்பட்டோரை அடக்கிய குரலும் அதுவே. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் சுட்டும் திருக்குறளுக்கு (37) உரைகண்ட பரிமேலழகர் அதனை அறத்தின் பயனுக்குக் காட்சிச் சான்றாகக் கொண்டார். இக்காலத்தார் சிலர், அறத்தின் வழி இதுவென அவ்விருவரிடையே சொல்லவேண்டா என மறுதலையாகப் பொருள் கண்டனர். திருக்குறளிலேயே ஊழின் வலிமை கூறும் அதிகாரமும், ஊழையும் புறங்காணலாம் எனத் துணியும் குறளைக் கொண்ட ஆள்வினையுடைமை அதிகாரமும் உள்ளன. இவற்றைப் படிக்கும் தமிழ் மாணவர் வள்ளுவரை முரண்பட்டவர் என ஒதுக்குவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு வாதிடுகின்றனர். பல ஆசிரியர்களின் தொகுதியான விவிலியத்துக்கு அவ்வுரிமையை வழங்கத் தயங்குவது ஏன் என்பது விளங்கவில்லை.

தந்தையர் பாவம் மக்களைச் சாருமா என்னும் வினாவிலும் இத்தகைய வாதம் உண்டு. விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 20ஆம் அதிகாரம் அது மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தொடரும் என்கிறது. நாடுகடத்தப்பட்ட காலத்தில் வாழ்ந்த எசேக்கியேல் தம் 18ஆம் அதிகாரத்தில், தந்தை புளித்த திராட்சையை உண்ண மகனுக்குப் பல் கூசியது என்னும் பழமொழியை இனி எவரும் சொல்லக்கூடாது என்கிறார். பிறப்பால் தீட்டு என்னும் கருத்துக்கு எதிராக நின்ற தங்கவயல் மக்களுக்கு எசேக்கியேலின் குரல் நெருக்கமானது. தலித் இறையியலுக்கு வழிவகுத்த அரவிந்த் நிர்மல், உபாகமம் 26இல் உள்ள அலைந்து திரிந்த முன்னோரைப் பற்றிய அறிக்கையைத் தலித் மக்களின் தன்னறிக்கைக்கு முன்மாதிரியாகக் கொண்டார். அது சிறந்த தேர்வே. ஆயினும் அதற்கு இரண்டு அதிகாரங்கள் தள்ளி அதே நூலில் கேடுகளின் பட்டியல் காத்திருக்கிறது. 26ஐ எடுப்பவர் 28க்கு என்ன விடை சொல்வது என்பதையும் எழுதவேண்டும். பெரு நாட்டு ஏழைகளிடையே பணியாற்றிய குஸ்தாவோ குத்தியெரெஸ் யோபுவைப் பற்றித் தனிநூல் எழுதியது இவ்விடத்திற் பயன்படும்.

தீமைக்கு யார் பொறுப்பு என்பதும் ஒரே நிலையில் நிற்கவில்லை. தாவீது மக்கட்தொகையைக் கணக்கிடத் தூண்டியவர் ஆண்டவர் என 2 சாமுவேல் 24 கூறுகிறது. அதே நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் திருப்பி எழுதிய 1 குறிப்பேடு (நாளாகமம்) 21, தூண்டியவன் சாத்தான் என்கிறது. யோபு நூலின் முன்னுரையில் வரும் சாத்தானோ இறைவனின் அவையில் குற்றம் சாட்டும் அலுவலர். எபிரேயத்தில் அச்சொல்லுக்கு முன் சுட்டிடைச்சொல் உண்டு. ஆகவே அது பதவிப்பெயர், இயற்பெயரன்று. குறிப்பேட்டில் அவ்விடைச்சொல் இல்லை. அத்தகைய இடைச்சொல் இல்லாத தமிழில் இரண்டிடத்தும் 'சாத்தான்' என ஒரே வடிவம் வந்துவிட, ஓர் அலுவலர் பகைவனாக வளர்ந்த வரலாறு தமிழருக்குத் தெரியாமற் போயிற்று. (நம் பழம்பெயரான சாத்தனுக்கும் இவனுக்கும் தொடர்பில்லை.) 'குற்றஞ்சாட்டுவோன்' என யோபு நூலில் மட்டும் பெயர்த்திருந்தால் போதும்.

சபை உரையாளர் (பிரசங்கி) நூல் மூன்றாவது நிலை ஒன்றை எடுக்கிறது. அதன் ஆசிரியர் உபாகமக் கணக்கையும் நம்பவில்லை, யோபுவைப்போல இறைவனை வழக்குக்கு அழைக்கவும் இல்லை. நல்லவனுக்கும் தீயவனுக்கும் ஒரே முடிவு. மனிதனின் மூச்சும் விலங்கின் மூச்சும் ஒன்று. பின்னெழுந்த தானியேல் நூல் 12ஆம் அதிகாரத்தில் இறந்தோர் எழுவர் என்கிறது. பொருள்களின் நிலையாமையை முதன்மைப்படுத்திய தங்கவயல் பௌத்தர்களும் இச்சபை உரையாளரும் உரையாடியிருக்கக்கூடிய ஒரு தளம் இருந்தது. அயலவரை மணத்தல் பற்றி எஸ்ராவுக்கும் ரூத்து நூலுக்கும் இடையே உள்ள பிணக்கும், வேற்று மொழி வழங்கும் நாட்டிற் குடியேறிய ஒரு சமூகத்துக்குப் பயன்படக்கூடியது. அவை தனியாக ஆராயப்படவேண்டியவை.

இத்தனை மாறுபாடுகளையும் ஓர் ஒருங்கிணைந்த அமைப்புக்குள் அடக்கமுடியாது என்பதைக் கெர்ஹார்ட் ஃபான் ராட் 1957 முதல் எழுதிய தம் இறையியலிற் காட்டினார். வால்ட்டர் புரூகமன் 1997இல், சாட்சியும் எதிர்ச்சாட்சியும் வாதிடும் நீதிமன்றமாக இத்தொகுதியைக் கண்டார். புரூகமனின் உவமை யோபுவுக்கு நன்கு பொருந்தும். ஆனால் தொகுத்தோரின் பணியை அது விளக்கப் போதாது. நீதிமன்றத்தில் ஒரு தரப்புத் தோற்றாக வேண்டும். எபிரேயத் தொகுப்பாளர் தோற்ற தரப்பின் ஏட்டையும் கிழிக்காமற் காத்தனர். ஒரே செய்யுளுக்குத் தம்முள் முரணும் பல உரைகளைப் பேணிய நம் ஏட்டு மரபே இதற்கு ஏற்ற ஒப்புமை எனத் தோன்றுகிறது.

யோபு நூலின் முடிவுரைகூட முழு அமைதியைத் தரவில்லை. இழந்தவை இருமடங்காகத் திரும்பக் கிடைக்கின்றன. உபாகமக் கணக்கு பின்வாசல் வழியாக வந்துவிட்டது எனச் சிலர் குறைகூறுவர். ஆனால் விடுதலைப் பயணம் 22ஆம் அதிகாரச் சட்டப்படி இருமடங்கு கொடுக்கவேண்டியவன் திருடன். அத்தகைய எள்ளலைக் கவிஞன் எண்ணினானோ இல்லையோ, படிப்பவர் எண்ண இடம் வைத்துள்ளான். இறைவன் சூறைக்காற்றிலிருந்து பேசும் 38ஆம் அதிகாரத்தில், மனிதரே இல்லாத பாலையில் மழை பெய்விப்பதைப் பெருமையாகச் சொல்கிறார். மண்ணை ஆண்டுகொள்ளுமாறு மனிதனுக்குச் சொன்ன தொடக்கநூலின் முதல் அதிகாரத்துக்கு இது நேர்மாறு. பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு மேடுகள் தங்கவயலைச் சூழ்ந்து நிற்கின்றன. கோடைக் காற்றில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் வருகிறது. முதல் அதிகாரத்தை மட்டும் ஓதும் இறையியலுக்கு அம்மேடுகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இருக்காது.

யோபுவின் கடைசிச் சொற்கள் 42ஆம் அதிகாரம் ஆறாம் வசனத்தில் உள்ளன. தூசியையும் சாம்பலையும் சுட்டி அவன் சொல்லும் எபிரேய வினைச்சொல்லுக்கு வருந்துதல், மனம் மாறுதல், ஆறுதல் பெறுதல் என மூன்று பொருள்களும் இயலும். அவன் பணிந்தானா, வாதத்தைக் கைவிட்டானா, தேறினானா என்பதில் அறிஞரிடையே உடன்பாடில்லை. 1871ஆம் ஆண்டுப் பதிப்பு 'மனஸ்தாபம்' என்னும் வடசொல்லை இட்டது. உள்ளம் வெந்து வருந்துதல் என்பதே அன்று அதன் பொருள். இன்றைய வழக்கில் அச்சொல் இருவருக்கிடையே ஏற்பட்ட பிணக்கைக் குறிக்கிறது. ஆகவே இன்று அப்பதிப்பைப் படிக்கும் தங்கவயல்காரர் ஒருவர், இறைவனோடு யோபு இன்னும் மனத்தாங்கலுடன்தான் இருக்கிறான் எனக் கொள்ளக்கூடும். மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதவில்லை. எபிரேய மூலம் இதனைத் தடுக்கவும் இல்லை.